சுவரோரம் நின்ற இரும்பு ஆள்

சர்க்கரை ஆலைச் சுவருக்கும் எங்கள் காம்புக்கும் நடுவில் நீளமாக ஒரு தரிசு கிடந்தது. சக்கையும் சாம்பலும் கொட்டிக் கொட்டிக் கறுத்துப்போன மண். இந்தப் பக்கம் காம்பு, அதாவது எஸ்டேட் ஆட்களுக்கென்று கட்டிய தகரக் கூரை வீடுகள், அந்தப் பக்கம் புகைபோக்கி. அந்தத் தரிசில்தான் என் வீட்டுக்காரர் இரும்பு உருவங்களைச் செய்து நிறுத்தினார். முதலாவதை நிறுத்திய அன்றைக்கு மற்றவர்கள் எல்லாரும் அதன் முகத்தைப் பார்த்தார்கள். நான் காலைப் பார்த்தேன்.

"இது விழுந்தா எந்தப் பக்கம் விழும்?"

"விழாது."

"விழுந்தா?"

"விழாதுங்கறேன். போய்ச் சோத்தைப் பாரு."

அவர் ஆலையில் வெல்டர். கரும்பு வெட்டு முடிந்து ஆலை நிற்கிற மாதங்களில்தான் அவருக்கு வேலை அதிகம். உள்ளே எல்லாவற்றையும் கழற்றிச் சுத்தம் செய்து, தேய்ந்ததை வெட்டியெறிந்து புதிதாக ஒட்டுவார்கள். வெட்டியெறிந்த இரும்பு சுவரோரம் மலையாகக் கிடக்கும். அதிலிருந்துதான் எடுத்தார். அப்போதிருந்த இஞ்சினியர் வெள்ளைக்காரர், ஆனால் இந்தத் தீவிலேயே பிறந்தவர். அவர் ஒருநாள் நின்று பார்த்துவிட்டு, செய், ஆனால் வேலை நேரத்தில் செய்யாதே என்று சொல்லியிருந்தார். வாயால் சொன்னதுதான். வாயால் சொன்னவர் போய்விட்டால் என்ன செய்வது என்று அன்றைக்கே நினைத்தேன். நான் பள்ளிக்கூடம் போனது கொஞ்ச காலம். தம்பி பிறந்ததும் அம்மா வயலுக்குப் போக என்னை நிறுத்திவிட்டார்கள். படிப்பு நின்றாலும் இப்படி யோசிப்பது நிற்கவில்லை.

முதலில் செய்தது மாடு. பாய்லர் தகட்டில் வயிறு, வண்டிச் சக்கரப் பட்டையில் கொம்பு. லாரி வந்த பிறகு ஆலை வாசலுக்கு வண்டி மாடுகள் வருவதில்லை, அதனால் செய்தேன் என்றார். அடுத்தது தலையில் புல்லுக்கட்டு சுமக்கிற பெண். புல் எல்லாம் ஓட்டைக் குழாய்கள். தென்கிழக்குக் காற்று அடித்தால் உஸ்ஸென்று ஊதும். பக்கத்து வீட்டு அக்கா, "கேளு, என் மாமியார் கூப்பிடுறா" என்பாள். மாட்டின் முதுகில் துணி காயப்போடுவதும் அவள்தான். துருக்கறை படும் என்று சொன்னால், "பழைய பாவாடைதானே, அயோ, உனக்கு எல்லாத்துக்கும் பயம்" என்பாள்.

பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். லாங் மவுண்டனிலிருந்து நடந்து வருவார்கள். போர்ட் லூயிஸ் துறைமுகத்தில் மூட்டை தூக்குகிறவர்கள்கூட பஸ் பிடித்து வந்தார்கள். ஜார்தேன் ஃபேர், இரும்புத் தோட்டம் என்று யாரோ பெயர் வைத்தார்கள், அதுவே நிலைத்துவிட்டது. ஆலை ஆட்கள் வந்தால் உருவத்தைப் பார்க்க மாட்டார்கள். இது இரண்டாம் பாய்லர் குழாய், என் கையைச் சுட்டது இதுதான், என்று உறுப்பு உறுப்பாக அடையாளம் சொல்வார்கள். வயல் பெண்கள் வந்தால் இரும்பைப் பார்க்க மாட்டார்கள். இடுப்பு ஒடிந்து நிற்கிறாளே, பொழுது சாய்கிற நேரத்து நடை இது, என்பார்கள். சுவருக்கு அந்தப் பக்கத்து ஆட்களும் இந்தப் பக்கத்து ஆட்களும் அதுவரை அந்தத் தரிசில் நின்று பேசி நான் பார்த்ததில்லை.

அந்தப் பெரும்புயல் வந்தபோது காம்பில் பாதிக் கூரை பறந்தது. மாடும் பெண்ணும் அசையவில்லை. பழைய தண்டவாளத்தைக் குழியில் இறக்கி, காரை போட்டு, அதில் கால்களை ஒட்டியிருந்தார். புயலுக்குப் பிறகு எனக்கு உருவங்கள் விழுமென்ற பயம் போய்விட்டது. ஆனால் வீடு போய்விடுமென்ற பயம் வந்தது. எஸ்டேட் வீடு. வேலை இருந்தால்தான் வீடு. வேலை போனால் போர்ட் லூயிஸ் ஓரத்து டிராங்கெபாரில் என் கூடப்பிறந்த அக்கா வீடுதான் கதி. அவளுக்கே ஒற்றை அறை, பிள்ளைகளைக் குறுக்கே படுக்கவைத்திருக்கிறாள். அங்கே போய் எங்கே பாய் விரிப்பது என்று மனதுக்குள் அளந்து அளந்து பார்ப்பேன். இடம் வராது.

மூன்றாவதாகத்தான் அந்த ஆளைச் செய்தார். ஆலையில் பழைய பாகுத் தொட்டி ஒன்றைப் பிரித்தார்கள். அதைச் சுற்றிக் கட்டியிருந்த இரும்புப் பட்டைகளைப் பாதியாக வெட்டி, வில்லுபோல் வளைந்த பாதிகளை ஆட்கள் தோளில் வைத்து, இரண்டு கையாலும் பிடித்து வெளியே சுமந்து வந்தார்கள். அந்த நடையைப் பார்த்துவிட்டு வந்து என் வீட்டுக்காரர் இரண்டு நாள் தரையில் கரியால் அதையே கீறிக் கீறிப் பார்த்தார். பிறகு அதையே செய்தார். காலை அகட்டி நிற்கிற ஒருவன், தோளில் அரை வட்டப் பட்டை, அதைப் பிடித்த கைகள். பட்டையில் இருந்த ஆணித்தலைகளை அப்படியே விட்டுவிட்டார். அவர் செய்ததில் அதுதான் அவருக்குப் பிடித்தது. நேரம் கிடைத்தால் போய் எதிரே நிற்பார்.

தைப்பூசம் வந்தது. எங்கள் காவடி ஊர்வலம் ஆற்றங்கரையிலிருந்து கிளம்பி, அந்தத் தரிசு வழியாகத்தான் கோவிலுக்குப் போகும். வெயிலில் மண் கொதிக்கும். காவடி எடுக்கிறவர்கள் வெறுங்கால். அதனால் பெண்கள் வழிநெடுகக் குடத்தில் மஞ்சள் தண்ணீர் வைத்துக்கொண்டு அவர்கள் காலில் ஊற்றுவோம். அந்த வருடம் பக்கத்து வீட்டு அக்காவின் தம்பி காவடி எடுத்திருந்தான். நாக்கில் வேல், மார்பில் எலுமிச்சம்பழம் தொங்க ஆடி வந்தவன், இரும்பு ஆளுக்கு எதிரே வந்து நின்றுவிட்டான். மேளம் அடித்தார்கள், நகரவில்லை. இரும்பு ஆளையே பார்த்து உடம்பு நடுங்கினான். அப்போது அக்கா குடத்தைத் தூக்கிக்கொண்டு போய், தம்பி காலில் ஊற்றிவிட்டு, மிச்சத்தை இரும்பு ஆளின் காலில் ஊற்றினாள்.

"இவரும்தானே வெயில்ல நிக்கிறாரு," என்றாள்.

தம்பி நகர்ந்தான். அவ்வளவுதான் நடந்தது. ஆனால் பின்னால் வந்த பெண்கள் எல்லாரும் அந்தக் காலில் ஊற்றிவிட்டுப் போனார்கள். பார்த்தால் காவடியேதான். வளைவு, பிடித்த கை, ஆணித்தலைகள் எல்லாம் வேல் குத்தியதுபோல. நாங்கள் பார்த்துப் பழகிய கண்ணுக்கு வேறெப்படித் தெரியும்?

மறுநாள் இரும்பு ஆளின் கழுத்தில் மஞ்சள் துணி. அடுத்து ஆணித்தலைகளில் நூல் கட்டி எலுமிச்சம்பழம். அப்புறம் வெள்ளிக்கிழமைதோறும் கற்பூரம். என் வீட்டுக்காரர் போய்ச் சொல்லிப் பார்த்தார்.

"அக்கா, இது தொட்டிப் பட்டை தூக்குற ஆளு. காவடி இல்ல. நான்தானே செஞ்சேன்."

"நீ செஞ்சது நீ நினைச்சத. வந்து நின்னது யாருன்னு உனக்கு எப்படித் தெரியும்?"

"யாரும் வரல அக்கா. மூணு போல்ட்டுல நிக்குது."

"ஷ்ஷ்! கன்னத்துல போட்டுக்கோ. போல்ட்டாம்."

அந்தப் பக்கம் மீன்காரர் வந்தால் அக்கா விரட்டுவாள். அவர் ஆப்பிரிக்க வழிவந்த கிரியோல்காரர், தலையில் வைக்கோல் தொப்பி. சண்டை எதற்கென்று தொப்பியைக் கழற்றி இரும்பு ஆளுக்கு ஒரு வணக்கம் போட்டுவிட்டு, சுற்று வழியாகப் போவார். நாங்கள் மீன் வாங்க வேண்டுமென்றால் ஆலையின் பின்வாசல்வரை ஓட வேண்டும்.

இதற்குள் சுதந்திரம் வரப்போகிறது என்ற பேச்சு வலுத்துவிட்டது. தீவு இனி யார் கையில் இருக்குமோ என்று பயந்து, செய் என்று சொன்ன இஞ்சினியர் குடும்பத்தோடு ஆஸ்திரேலியாவுக்குக் கப்பல் ஏறினார். நான் நினைத்தது நடந்துவிட்டது என்பதில் எனக்கு ஒரு சந்தோஷமும் இல்லை. புதிதாக வந்த மேனேஜரை, பெரிய மிசேயை, நாங்கள் காருக்குள்தான் பார்த்திருந்தோம். வெட்டுக் காலம் தொடங்குமுன் லாரிகள் நிற்க இடம் வேண்டும், அந்தத் தரிசைச் சமன்படுத்த வேண்டும், இரும்பெல்லாம் துறைமுகத்துக்குப் போக வேண்டும் என்றார். என் வீட்டுக்காரர் மறுபேச்சுப் பேசாமல் மாட்டை வெட்டினார். புல்லுக்காரியை வெட்டினார். யாரும் ஒன்றும் சொல்லவில்லை. அக்கா மட்டும் காயப்போட்ட துணியை எடுத்துக்கொண்டு போனாள்.

இரும்பு ஆளிடம் வந்ததும் காம்பே வெளியே வந்து நின்றுவிட்டது. லாரியில் ஏற்ற வந்த ஆட்கள் கையைக் கட்டிக்கொண்டார்கள். தொட மாட்டோம் என்றார்கள்.

நான் அப்போது சாப்பாட்டுத் தூக்கோடு வாசலில் நின்றிருந்தேன். மிசே காரை விட்டு இறங்கி வந்தார். கூட்டத்தைப் பார்க்கவில்லை, என் வீட்டுக்காரரை மட்டும் பார்த்தார்.

"தோ ஃபின் ஃபேர் லி, தோ மெம் கூப் லி," என்றார். நீ செய்தாய், நீயே வெட்டு. முதல் கரும்பு லாரி வருவதற்குள் இது இங்கே நிற்கக்கூடாது, நின்றால் காம்பு வீட்டைக் காலி செய்துவிட்டுப் போ, என்றும் சொன்னார். சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் கோபம் ஆறும் என்று நினைக்கலாம்.

அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. வெட்டினால் வீடு இருக்கும், ஆனால் காம்பில் ஒரு வாசலும் எங்களுக்குத் திறக்காது. தண்ணீர்க் குழாயில் குடத்தை வைக்க விடமாட்டார்கள். வெட்டாவிட்டால் டிராங்கெபார். யூனியன்காரர் ஒருவர் பட்டணத்திலிருந்து வந்து, "நம்ம சாமியை உடைக்கிறான், விடாதே" என்று இவர் தோளைத் தட்டிவிட்டு அடுத்த எஸ்டேட்டுக்குப் போனார். அக்காவோ என்னைக் கண்டால், "என்ன, உன் புருஷன் கத்தி தீட்டிட்டானா?" என்று கேட்பாள். நான் வாழ வந்த காலத்திலிருந்து என் பிள்ளைகளுக்குக் கஞ்சி கொடுத்தவள் அவள். அவள் வாயிலிருந்து அது வந்ததுதான் தாங்கவில்லை.

பூசாரியிடம் போனேன். அவர் பகலில் ஆலையில் சாற்றுக்குச் சுண்ணாம்பு கலக்குகிறவர். கைகள் எப்போதும் வெள்ளை. விபூதியா சுண்ணாம்பா என்று சாமிக்கே தெரியாது என்று அவரே சொல்வார்.

"சாமி, நீங்களே சொல்லுங்க. அதுல தெய்வம் இருக்கா?"

"நான் மந்திரம் சொல்லி அழைக்கல, தங்கச்சி."

"அப்ப இல்லைன்னு அவங்ககிட்ட சொல்லிடுங்க."

அவர் கையைத் துடைத்தார். வெள்ளை போகவில்லை. "இல்லைன்னு சொல்ல நான் யாரு? நாளைக்கு யாருக்காவது காய்ச்சல் வந்தா என் வாசல்ல வந்து நிப்பாங்க. கி பூ ஃபேர்?" என்றார். என்ன செய்வது என்று அவர் என்னைக் கேட்டார்.

திரும்பி வரும்போது இரும்பு ஆளைக் கடந்துதான் வர வேண்டும். அன்றைக்குச் சரியாகப் பார்த்தேன். மஞ்சள் துணி வெளுத்து நூல் நூலாகத் தொங்கியது. எலுமிச்சம்பழங்கள் கறுத்துச் சுருங்கிக் கல்லாகிவிட்டன. அது தொட்டிப் பட்டைதான், எனக்குத் தெரியும். அதைத் தூக்கி நிறுத்தும்போது கயிற்றைப் பிடித்தவளே நான். தெரிந்தும் கவலை வந்தது. கவலைக்கு உண்மை பொய் தெரிவதில்லை. கோவிலில் கொடி இறக்கி எத்தனை காலமாகிவிட்டது! காவடி எடுத்தவர்கள் எல்லாம் அன்றைக்கே இறக்கிவைத்து, குத்திய வேலைப் பிடுங்கி, விபூதி வைத்து, இலை போட்டு ஏழு மரக்கறியோடு சாப்பிட்டு, மறுநாள் கரும்புக்குக் களை வெட்டப் போய்விட்டார்கள். இவரை மட்டும் யாரும் இறக்கிவிடவில்லை. தண்ணீர் ஊற்றினோம், பழம் கட்டினோம், சுமையை வாங்கவில்லை.

இதைத் தண்ணீர்க் குழாயடியில் அக்காவிடம் சொல்லிவிட்டேன். வழி கண்டுபிடித்துச் சொன்னதில்லை. வாயை மூடிக்கொண்டிருக்க முடியாமல் சொன்னது.

"அக்கா, ஏசாதே. எனக்கு ஒண்ணு மனசை அரிக்குது. அவர் காவடின்னா, இன்னுமா சுமந்துகிட்டு நிக்கணும்? கொடி இறங்கிப் போச்சு. உன் தம்பி இறக்கிட்டான். இவரை யார் இறக்கி வைக்கிறது? பட்டினியா நிக்கிறாரே."

அக்கா குடத்தை எடுக்கவில்லை. குடம் நிரம்பி வழிந்தது.

"அயோ," என்றாள். குழாயை மூடிவிட்டு, "அயோ, அடி பாவி, இத்தனை நாளா ஏன் சொல்லல?" என்றாள்.

பொழுது சாய்வதற்குள் என் கவலை காம்பு முழுவதும் பரவிவிட்டது. விரதத்தில் இருக்கிறவரை மாதக்கணக்கில் பட்டினி போட்டுவிட்டோமே என்று கிழவர்களெல்லாம் தலையில் அடித்துக்கொண்டார்கள். புது வருஷம் பிறந்ததிலிருந்து காம்பில் யாருக்கு எந்த நோவு வந்திருந்தாலும் இதனால்தான் என்று ஆயிற்று. அக்காதான் பூசாரியை இழுத்துக்கொண்டு வந்தாள். காவடி இறக்குவது அவருக்குத் தெரிந்த காரியம். தெரிந்த காரியம் என்றதும் அவருக்குத் தைரியம் வந்துவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் இறக்கினோம். பெண்கள் பால் செம்பு கொண்டுவந்தார்கள். பூசாரி ஒவ்வொரு பழமாக நூலை அறுத்து, அந்த ஆணித்தலையில் விபூதி வைத்தார். மஞ்சள் துணியை அவிழ்த்தார். கடைசியில் பட்டை மட்டும் நின்றது. அதை அவரால் எடுக்க முடியாதே. எல்லாரும் என் வீட்டுக்காரரைப் பார்த்தார்கள்.

அவர் குளித்துவிட்டு வந்திருந்தார். கண்ணாடியை மாட்டிக்கொண்டு கேஸ் கட்டரைப் பற்றவைத்தார். நான்கு ஆட்கள் நனைத்த சாக்கைக் கையில் சுற்றிப் பட்டையைத் தாங்கினார்கள். தீப்பொறி கொட்டக் கொட்டப் பெண்கள் "அரோகரா" என்றார்கள். தோளிலிருந்து ஒரு பக்கம், பிறகு மறுபக்கம், பிறகு ஒவ்வொரு கையாக விடுவித்தார். பட்டையை அப்படியே தூக்கிக்கொண்டு மேளத்தோடு கோவிலுக்குப் போனார்கள். இரும்பு ஆளின் காலடியில் வாழை இலை விரித்து ஏழு கறியும் பரிமாறினாள் அக்கா. "சாப்பிடுங்க. மெதுவாச் சாப்பிடுங்க," என்று அவரிடம் சொன்னாள். எனக்கு அழுகை வந்தது. யாருக்காக என்று தெரியவில்லை.

கூட்டம் கோவிலுக்குப் போன பிறகுதான் நாங்கள் அதைப் பார்த்தோம். பட்டை போனதும், பிடிக்க ஒன்றுமில்லாமல் அந்த இரண்டு கைகளும் சும்மா மேலே தூக்கி நின்றன. துப்பாக்கிக்கு முன்னால் நிறுத்தப்பட்டவன் நிற்பதுபோல. வேலைநிறுத்தக் காலத்தில் எங்கள் அப்பாக்களை அப்படித்தான் வரிசையாக நிற்கவைத்தார்கள் என்று காம்பில் எல்லாருக்கும் தெரியும். இலையைக் காவல் காத்துக்கொண்டிருந்த ஒரு கிழவர் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"நாளைக்கு வேண்டாம். இப்பவே வெட்டிடறேன்," என்றார் என் வீட்டுக்காரர்.

"மிசே நாளைக்குப் பார்த்துட்டுச் சொல்லட்டுமே."

"அவர் இப்படிப் பார்க்க வேண்டாம்."

முதலில் கைகளை வெட்டினார். பிறகு மிச்சத்தை. யாரும் தடுக்கவில்லை. இறக்கிவைத்தாகிவிட்டது, இனி அது இரும்புதான். கோவிலிலிருந்து திரும்பிய அக்கா அந்த இடத்தைத் தாண்டி நேரே எங்கள் வாசலுக்கு வந்து, மிச்சக் கறியைக் கிண்ணத்தில் வைத்துவிட்டுப் போனாள்.

பட்டை இன்றும் கோவிலில் இருக்கிறது. தைக்குத் தை மயிலிறகு கட்டி வைக்கிறார்கள். அது எந்தத் தொட்டியைக் கட்டியிருந்தது என்று யாரும் கேட்பதில்லை.

அந்த வாரமே ஆபீஸ் குமாஸ்தா வந்து, வீட்டைக் காலி செய்ய வேண்டாம், மிசே சொல்லிவிட்டார் என்றான்.

"எதுவரைக்கும்?" என்று கேட்டேன்.

"ஆலைக்கு வேணும்கிற வரைக்கும்."

என் வீட்டுக்காரரிடம் சொன்னதும் சிரித்தார். "போன வருஷமும் அதுவரைக்கும்தானே," என்றார். நான் அவர் முகத்தைப் பார்த்தேன்.

"என்மேல கோபமா?"

"எதுக்கு?"

"நான் சொல்லப்போய்த்தானே... உங்களுக்குத் தெரியும், எனக்கும் தெரியும், அது காவடி இல்லன்னு."

அவர் கூரைத் தகரத்தின் விளிம்பைத் தடவினார். "தப்பாப் பார்த்தாங்க. ஆனா நல்லாப் பார்த்துக்கிட்டாங்க," என்றார்.

தரிசில் லாரிகள் வந்து நின்றன. அடுத்த வருடம் ஆலை நின்ற மாதங்களில் தனக்குச் சொன்ன வேலையை மட்டும் அவர் செய்தார். சுவரோரம் குவிந்த இரும்பைத் திரும்பிப் பார்க்கவில்லை. சங்கு ஊதியதும் வீட்டுக்கு வந்து, கைகால் கழுவிவிட்டு, மடியில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். வீட்டுக்கு நேரத்தோடு வருகிற புருஷனைப் பார்த்துமா ஒருத்தி கவலைப்படுவாள் என்று அக்கா கேட்டாள்.

நான் பட்டேன்.